மூலை அறையை வாடகைக்கு விட்ட கதை

என் கண்ணுக்கு, அம்மா எழுதறது.

நானும் உங்கப்பாவும் வயிறு நிறைய சாப்பிட்டு, நெஞ்சு நிறைய கடல் காத்து வாங்கிக்கிட்டு சுகமா இருக்கோம். அங்க நீயும் மாப்பிள்ளையும் உன் வயித்துல இருக்கற என் பேரப்பிள்ளையும் இதே மாதிரி சுகமா இருக்கணும்னுதான் காலையில கண்ணு முழிச்சதும் நினைச்சுக்கறேன். இந்தக் காலத்துல யாரும்மா கடிதம் எழுதறாங்கன்னு சிரிக்காதே. இங்க போன் பேசணும்னா வெங்காய வயலைத் தாண்டி மேட்டுல ஏறி நிக்கணும், ஏறி நின்னா காத்து பாதிப் பேச்சைத் தூக்கிக்கிட்டுப் போயிடுது, நீ அங்க என்னம்மான்னு கத்தற, நான் இங்க ஒண்ணுமில்லன்னு கத்தறேன், உங்கப்பா பக்கத்துல நின்னு எதுக்கு சண்டை போடறீங்கன்னு கேக்கறாரு. அதுவும் போக, உன் குரலைக் கேட்டா நீ எதைக் கேட்டாலும் சரின்னுதான் என் வாயில வரும், நீ கேட்டிருக்கறது சட்டுன்னு சரி சொல்லிட்டுப் போற விஷயம் இல்ல. லாட்ஜைத்தான் வேற ஆளுகிட்ட ஒப்படைச்சாச்சே, இனிமே அங்க தனியா உக்காந்து என்ன பண்ணப் போறீங்க, வீட்டையும் காலி பண்ணிட்டு எங்ககூடவே வந்து நிரந்தரமா இருங்க, மாடியில அறை தயாரா இருக்குன்னு நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து கூப்பிட்டீங்க. கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கிட்டே யோசிச்சு பதில் சொல்லுங்கன்னு இந்தக் கடலோரப் பண்ணை வீட்டையும் நீயே ஏற்பாடு பண்ணின. அந்தப் பதிலைத்தான் எழுத உக்காந்திருக்கேன், ஆனா நடந்ததைச் சொல்லாம பதிலை மட்டும் சொன்னா நீ மனசுல வேற மாதிரி எடுத்துக்குவ, அதனால காலை நீட்டி உக்காந்துக்கிட்டுப் பொறுமையாப் படி.

உண்மையைச் சொல்லிடறேன், இங்க வர்றதுக்கு முன்னாடியே நான் மனசுக்குள்ள மூட்டை கட்டியாச்சு. நீ அனுப்பின போட்டோவையெல்லாம் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்து உன் வீட்டை எப்படி மாத்தணும்னுகூட முடிவு பண்ணி வச்சிருந்தேன். பாத்திர அலமாரியை அடுப்புக்கு அவ்வளவு தள்ளியா வைப்பாங்க? துணி உலர்த்தற கயிறை நிழல்ல கட்டி வச்சிருக்கீங்க, அதை வெயில் பக்கம் மாத்தணும். மாப்பிள்ளையோட புத்தகத்தையெல்லாம் மாடிப்படிக்குக் கீழ அடுக்கிட்டா கூடத்துல தொட்டில் போட நல்ல இடம் கிடைக்கும். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல உங்கப்பா உம் கொட்டிக்கிட்டே இருந்தாரு, வர்றேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல, சரியான கல்லுளிமங்கன்னு உனக்குத் தெரியாததா. உன் சித்திதான் கேட்டா, ஏன்க்கா, அது உன் பொண்ணு வீடா, இல்ல நீ புதுசா எடுத்திருக்கற லாட்ஜான்னு. அவளுக்கு எப்பவுமே வாய் ஜாஸ்தின்னு நினைச்சுக்கிட்டு விட்டுட்டேன். இப்ப அவதான் நம்ம வீட்டைத் திறந்து செடிக்குத் தண்ணி ஊத்திட்டுப் போறா, முழங்கால் வலிக்கு தினமும் நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காராம், நம்ம வீட்டுக்கு வந்து போறதையே நடைக்கணக்குல சேர்த்துக்கிட்டா.

இந்த வீடு நல்ல வீடு, நீ தேடிப் பிடிச்சதுக்கு உன் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும். முன்னாடி கடல், பின்னாடி வெங்காய வயல், நடுவுல ஓடு போட்ட நீளமான வீடு. வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்தா நமக்கும் கடலுக்கும் நடுவுல இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் சுவர், அதுமேல கோழி வரிசையா நடந்து போகும். எதைத் தொட்டாலும் உப்புப் பிசுபிசுப்பு, தீக்குச்சி பத்த மாட்டேங்குது, ஜன்னல் கண்ணாடியைத் துடைச்சு முடிக்கறதுக்குள்ள மறுபடி வெள்ளை பூத்துடுது, துடைச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். ஒரு பசுமாடு இருக்கு, சாயங்காலமானா அதுவே மணல்ல இறங்கித் தண்ணி ஓரமா கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பி வருது, உன் சித்தியைவிட ஒழுங்கா நடக்குது. உங்கப்பா முதல் ரெண்டு நாளும் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து உக்காந்துக்கிட்டாரு, முதல் பஸ்ஸோட ஹாரன் கேக்கலையாம், அது கேக்காம எப்படி விடிஞ்சதுன்னு தெரிஞ்சுக்கறதாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்லயே லாட்ஜ் நடத்தி ஒரு ஆயுசு ஓடிப் போன மனுஷன், என்ன பண்ணுவாரு பாவம். அப்புறம் பார்த்தா முகத்துல வெயில் அடிக்கற வரைக்கும் தூங்க ஆரம்பிச்சுட்டாரு, அவரு அவ்வளவு நேரம் தூங்கி நான் பார்த்ததே இல்ல, பயந்துபோய் மூச்சு வருதான்னு மூக்குகிட்ட விரல் வச்சுப் பார்த்தேன். வீட்டை நடத்தறது ஒரு பொண்ணு, உன்னைவிட நாலஞ்சு வயசு மூத்தவளா இருப்பா, மெலிஞ்ச உடம்பு, அதிராத பேச்சு. அவ புருஷன்தான் வெங்காயம் போடறவரு, பேசாம இருக்கறதுல உங்கப்பாவுக்கு அண்ணன். ரெண்டு பேரும் களத்துல உக்காந்து காஞ்ச வெங்காயத்துல தாளைக் கிள்ளிக்கிட்டே ஒரு வார்த்தை பேசாம ஒரு முழு மத்தியானத்தை ஓட்டிடறாங்க, எழுந்திருக்கும்போது உயிர் சிநேகிதங்க மாதிரி தோளைத் தட்டிக்கறாங்க.

எனக்குத்தான் பொழுது போகல. கடலைப் பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எவ்வளவு நேரம் பார்க்கறது, அது ஒண்ணையேதான் செய்யுது. அந்தப் பொண்ணு படுக்கை விரிப்பைத் துவைச்சுக் கடல் காத்துல காயப் போடுவா, அப்படியே எடுத்து வந்து கட்டில் மேல போட்டு ரெண்டு தட்டு தட்டிட்டுப் போயிடுவா, ஒரு பக்கம் தரையைத் தொடும், இன்னொரு பக்கம் மெத்தை தெரியும். நம்ம லாட்ஜ்ல அப்படி விரிச்சிருந்தா நான் என்ன பேசியிருப்பேன்னு உனக்கே தெரியும். என் கையும் காலும் பரபரன்னுச்சு. முதல்ல எங்க கட்டிலை மட்டும் உதறி நாலு மூலையும் இழுத்து மடிச்சு சொருகினேன். அப்புறம் சமையலறைக்குத் தண்ணி குடிக்கப் போனவ கப்பையெல்லாம் உயர வாரியா அடுக்கிட்டு வந்தேன். மறுநாள் டப்பாவுக்கெல்லாம் சரியான மூடியைத் தேடிப் போட்டேன். அந்தப் பொண்ணு பார்க்கும்போதெல்லாம், ஐயோ நீங்க எதுக்கும்மா செய்யறீங்க, நீங்க விருந்தாளி, உக்காருங்கன்னு சொல்லுவா. நான் அதை உபசாரம்னுதான் நினைச்சேன். நம்மகூட எத்தனை பேருகிட்ட அப்படிச் சொல்லியிருக்கோம், உள்ளுக்குள்ள அப்பாடான்னுதானே இருந்திருக்கோம்.

அப்புறம்தான் அந்தக் கூத்து நடந்துச்சு. ஒரு நாள் புருஷனும் பொண்டாட்டியும் வெங்காய மூட்டையை வண்டியில ஏத்திக்கிட்டு சந்தைக்குப் போயிட்டாங்க, சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சாயங்காலம் வந்துடறோம்னு சொல்லிட்டுத்தான் போனா. வெயில் ஏறினப்ப ஒரு கார் வந்து நின்னுச்சு, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு, ரெண்டு பேருமே பல் டாக்டருங்களாம். களைச்சுப் போய் இறங்கி, இங்க தங்க அறை கிடைக்குமான்னு கேட்டாங்க. நான் என்ன சொல்லியிருக்கணும்? வீட்டுக்காரங்க இல்ல, சாயங்காலம் வாங்கன்னு சொல்லியிருக்கணும். நான் வாங்க வாங்கன்னுட்டேன். நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கக்கூட இல்ல, உங்கப்பா காருக்குப் பின்னாடி போய் பெட்டியைத் தூக்கிட்டாரு, நான் விரிப்பு எடுக்க உள்ள போயிட்டேன். பெட்டியைத் தூக்கிக்கிட்டே எந்த பஸ்ல வந்தீங்கன்னு வேற கேட்டாரு, கார்ல வந்து இறங்கினவங்களைப் பார்த்து. அந்த டாக்டர் பேந்தப் பேந்த முழிச்சாரு. எங்க அறை போக விருந்தாளிக்குன்னு இருந்த இன்னொரு அறையில ஓடு மாத்திக்கிட்டிருந்தாங்க, மிச்சம் இருந்தது மூலை அறை, கதவு சாத்தியிருந்துச்சே தவிர பூட்டல. திறந்து பார்த்தா கட்டில் இருக்கு, ஜன்னலைத் திறந்தா நேரா கடல், இவ்வளவு நல்ல அறையைக் குப்பை போட்டு வச்சிருக்காளேன்னு எனக்கு ஆத்தாமையாப் போச்சு. முதுகு உடைஞ்ச ஒரு நாற்காலி, ஒரு பழைய ரேடியோ, ஜன்னல் ஓரமா பொறுக்கி வச்ச கல்லுங்க, கட்டில் முழுக்க துணித் துண்டு, நீலமும் பச்சையும் சாம்பலுமா இறைஞ்சு கிடந்துச்சு. கந்தல்னு நினைச்சு அத்தனையையும் எடுத்து, பெருசைப் பெருசோட, சிறுசைச் சிறுசோட அடுக்கி, மூட்டை கட்டி, நாற்காலி, ரேடியோ, கல்லு எல்லாத்தோடயும் சேர்த்து வெங்காயக் கொட்டகையில கொண்டு போய் வச்சேன். தரையைக் கழுவினேன், நாலு மூலையும் மடிச்சு விரிப்பு போட்டேன். காலையில வெந்நீர் எப்பக் கிடைக்கும்னுகூட நானே சொல்லிட்டேன். அவங்களுக்கு டீ போட்டுக் கொடுத்துட்டு வாசல்ல வந்து உக்காந்தப்பதான் கண்ணு, இங்க வந்ததுலேர்ந்து முதல் தடவையா எனக்கு ஓய்வெடுத்த மாதிரி இருந்துச்சு.

சாயங்காலம் அவங்க வந்தாங்க. நான் பெருமையா எழுந்து போய், உனக்கு ரெண்டு விருந்தாளி பிடிச்சு வச்சிருக்கேன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சா. எங்கம்மா தங்க வச்சீங்கன்னு கேட்டா, மூலை அறைன்னேன். சிரிச்ச முகம் அப்படியே நின்னுச்சு, மாறல, ஆனா நின்னுடுச்சு. ரொம்ப உதவியா இருந்துச்சும்மான்னு சொல்லிட்டு உள்ள போனா. வந்தவங்களை விசாரிச்சா, மீன் வறுத்தா, எல்லாருக்கும் பரிமாறினா, அறை எவ்வளவு சுத்தம்னு அந்த டாக்டரம்மா புகழ்ந்தப்ப என்னைக் கை காட்டினா. உங்கப்பாதான் சாப்பிட்டுட்டுக் கை கழுவப் போனவரு திரும்பி வந்து என் பக்கத்துல நின்னுக்கிட்டு மெதுவா சொன்னாரு, அந்தப் பொண்ணு வெங்காயக் கொட்டகையில உக்காந்திருக்கு, கதவைச் சாத்திக்கிட்டுன்னு. உள்ள ஏதாவது வேலையா இருக்கும்னு சொன்னேன். கதவு இடுக்குல பார்த்தேன், மூட்டை மேல உக்காந்திருக்கு, வேலை எதுவும் இல்ல, கையில துணித் துண்டு இருக்குன்னாரு. அப்பதான் எனக்குச் சுருக்குன்னுச்சு.

மறுநாள் காலையில அவ கோழிக்குத் தீனி போடும்போது போய்ப் பக்கத்துல நின்னேன். என்னம்மா கோவமான்னு கேட்டேன். இல்லம்மான்னா. இருந்தா சொல்லிடு, நான் ஆயிரம் பேர்கிட்ட திட்டு வாங்கினவளாக்கும்னு சொன்னேன். அவ தீனித் தட்டைக் கீழ வச்சா. மெதுவாத்தான் சொன்னா, ஆனா ஒவ்வொண்ணும் நல்லாக் கேட்டுச்சு. இந்த வீட்டுல எல்லா இடத்துக்கும் யாராவது வர்றாங்க, சமையலறைக்கு வர்றாங்க, கிணத்தடிக்கு வர்றாங்க, யாரு வந்தாலும் ஏதாவது கேக்கறாங்க, வேலை அதுதான், குறை சொல்லல, ஆனா யாரும் எதுவும் கேக்காத இடம் அந்த மூலை அறை ஒண்ணுதானாம். கட்டில் மேல இருந்தது கந்தல் இல்லையாம். கடல் ஒவ்வொரு நேரம் ஒவ்வொரு நிறமா இருக்கே, அதே மாதிரி ஒரு போர்வை தைக்கணும்னு எந்தத் துண்டுக்குப் பக்கத்துல எந்தத் துண்டுன்னு மாசக்கணக்கா வச்சு வச்சுப் பார்த்து அடுக்கியிருந்தாளாம். நான் அதைத்தான் பெருசு சிறுசா பிரிச்சு மூட்டை கட்டியிருக்கேன். நான் அசடு வழிஞ்சுக்கிட்டு நின்னேன். அப்ப அவ சொன்னது இன்னும் என் காதுல இருக்கு.

“நீங்க செஞ்சதுல ஒரு குறையும் இல்லம்மா, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. குறை இருந்திருந்தா உங்ககிட்ட ஒரு வார்த்தை கோவமா பேசியிருப்பேன், அதோட சரியாப் போயிருக்கும். என்னைவிட நல்லா செய்யறவங்ககிட்ட நான் எப்படி சண்டை போடுவேன்?”

எனக்கு யாரு ஞாபகம் வந்திருக்கும்னு நீயே சொல்லு. அவ முகத்துல நான் உன்னைத்தான் பார்த்தேன். நீயும் அப்படித்தானே கண்ணு, சின்ன வயசுலேர்ந்து கோவம் வந்தா கத்தத் தெரியாது, எங்கேயாவது ஒரு கதவைச் சாத்திக்குவ. நான் உன் வீட்டுக்கு நிரந்தரமா வந்தேன்னு வச்சுக்கோ, ஒரு மாசத்துல அலமாரி நகரும், ரெண்டு மாசத்துல கயிறு மாறும், குழந்தை அழுதா நீ எழுந்திருக்கறதுக்குள்ள நான் தூக்கிடுவேன். எல்லாமே நல்லாத்தான் செய்வேன். ஒரு குறை இருக்காது. நீ ரொம்ப உதவியா இருக்கும்மான்னு சொல்லுவ, அப்புறம் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு உக்காந்திருப்ப. உன் வீட்டுல உனக்கு ஒரு கொட்டகைகூட இல்லையே. இதை நினைச்சதும் அழுதுட்டேன், சொல்றதுல என்ன வெக்கம். அன்னிக்கு உங்கப்பாவை இழுத்துக்கிட்டு மணல்ல நடந்தேன், அந்த மாடு எங்களுக்கு முன்னாடி போய்க்கிட்டிருந்துச்சு. நான் பேசிப் பேசி ஓய்ஞ்சப்புறம், நீங்க என்னதான் நினைக்கறீங்க, இப்பவாவது வாயைத் திறங்கன்னு கேட்டேன். ரொம்ப தூரம் நடந்தப்புறம் திறந்தாரு. மாப்பிள்ளை தங்கமான பையன், ஒரு குறையும் இல்லன்னாரு. ஆனா நான் திறந்து நான் மூடறதுக்கு எனக்குன்னு ஒரு கதவு வேணும், அது சின்னதா இருந்தாலும் பரவாயில்லன்னாரு. இதை முதல்லயே சொல்றதுக்கென்னன்னு கேட்டா, நீ எங்க பேச விட்டன்னாரு. 

அந்த டாக்டருங்க அடுத்த நாளே கிளம்பிட்டாங்க. நாற்காலி, ரேடியோ, கல்லு எல்லாத்தையும் உங்கப்பா திரும்பக் கொண்டு போய்க் கதவுக்கு வெளியிலயே வச்சுட்டு வந்தாரு, உள்ள வைக்கல, அந்த மனுஷனுக்கு இருக்கற புத்தி எனக்கு இல்ல பாரு. துணியை மறுபடி அடுக்க நானும் வரட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்மான்னு சொன்னா, சரின்னு திரும்பி வந்துட்டேன். அன்னியிலேர்ந்து விருந்தாளியா இருந்து பழகறேன். லேசுன்னு நினைக்காதே, அந்தக் காலத்துல லாட்ஜ் மாடியையும் கீழையும் ஒரே மூச்சுல கழுவி விட்டப்பகூட இவ்வளவு கஷ்டப்படல. விரிப்பு கோணலாக் கிடக்கும், கோணல்லயே படுத்துக்கறேன். முட்டையில உப்பு ஜாஸ்தியா இருக்கும், வாயைக் கட்டிக்கிட்டுச் சாப்பிடறேன். உங்கப்பா என் முகத்தைப் பார்த்துட்டு, நல்லா உழைக்கற, கொஞ்சம் ஓய்வெடுன்னு கிண்டல் பண்றாரு. இப்படி இருக்கும்போது நேத்து காலையில அவ கொடியிலேர்ந்து விரிப்பை எடுத்துக்கிட்டே என்னைக் கூப்பிட்டா, அம்மா, இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிடிக்கறீங்களான்னு. பிடிச்சேன். அவ நீளவாக்குல மடிச்சா, நான் எப்பவும் அகலவாக்குலதான் முதல் மடிப்பு போடுவேன், என் கை ஒரு தடவை துள்ளுச்சு, அடக்கிக்கிட்டு அவ மடிச்ச பக்கமே மடிச்சேன். அவ அதைப் பார்த்துட்டா.  கடைசி விரிப்பையும் மடிச்சு என் கையில கொடுத்துட்டு, மத்தியானம் வெயில் தாழ்ந்ததும் மூலை அறைக்கு வாங்க, நீலத்துக்குப் பக்கத்துல எதை வைக்கறதுன்னு எனக்குக் குழப்பமா இருக்குன்னா. போனேன். உடைஞ்ச நாற்காலியில உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தேன். அவ கேட்டப்ப மட்டும் சாம்பல் நிறம் வைக்கலாமேன்னு சொன்னேன். அவ பச்சையை வச்சா. அதுதான் நல்லா இருந்துச்சு.

இப்ப பதிலைச் சொல்லிடறேன். நாங்க வர்றோம். பிரசவத்துக்கு முன்னாடியே வர்றோம், ஆனா உன் மாடிக்கு இல்ல. உன் வீட்டுலேர்ந்து உங்கப்பா நடந்து வர்ற தூரத்துல சின்னதா ஒரு வாடகை வீடு பார்க்கச் சொல்லு மாப்பிள்ளைகிட்ட, ஒரு அறையும் ஒரு அடுப்பும் போதும், கதவுக்கு நல்ல பூட்டு இருக்கணும்னு உங்கப்பா சொல்லச் சொன்னாரு. அம்மா நம்மளை ஒதுக்கறான்னு நினைச்சு அழாதே. கூட இருந்து உனக்கு வேண்டாதவளா ஆகறதுக்கு எனக்குத் தைரியம் இல்ல கண்ணு. நான் தினமும் வருவேன். வந்து கதவைத் தட்டிட்டு வெளியிலயே நிப்பேன், நீயா வந்து திறக்கணும். உள்ள வந்தா நீ உக்காருன்னு சொன்ன இடத்துல உக்காருவேன், குழந்தையை நீ என் கையில கொடுத்தா வாங்கிக்குவேன். என்னிக்காவது கதவைத் திறக்க உனக்கு மனசு இல்லன்னா திறக்காதே. நான் கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுப் போயிடுவேன், ஏன்னு கேக்க மாட்டேன், மறுநாள் மறுபடி வந்து தட்டுவேன்.

மத்தபடி இங்க எல்லாம் சுகம். இதை எழுதி முடிச்சதும் வெங்காயக்காரர்கிட்ட கொடுத்தா டவுனுக்குப் போகும்போது தபால்ல போட்டுடறேன்னு சொல்லியிருக்காரு. இரும்புச் சத்து மாத்திரையை மறக்காம சாப்பிடு, கசக்குதுன்னு மாப்பிள்ளைக்குத் தெரியாம ஒளிச்சு வைக்காதே. உயரத்துல இருக்கறதை எடுக்க ஸ்டூல் மேல ஏறாதே, கால் வீங்கினா உடனே டாக்டர்கிட்ட காட்டு. நல்லபடியா பெத்துப் பிழைச்சு, கையும் காலுமா குழந்தையும் நீயும் நூறு வருஷம் நல்லா இருக்கணும், மாப்பிள்ளை மனசு குளிர வாழணும். உங்கப்பாவும் அவரு ஆசீர்வாதத்தைச் சேர்த்து எழுதச் சொன்னாரு, சொல்லிட்டு மறுபடி கடலைப் பார்க்க உக்காந்துட்டாரு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்கு விருந்தாளியா வர்றதுக்குப் பழகிக்கிட்டிருக்கற
உன் அம்மா